அத்தானின் வலது கால்

என் அத்தானுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது, வலது காலைத் தவிர. நொண்டி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கால் நடக்கும், ஓடும், மாடிப்படி ஏறும். ஆனால் எதிரே எது வந்தாலும் சொந்தக்காரரைக் கேட்காமலே தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். எல்லாம் தொழில் செய்த வேலை. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறார். ஒரு வெள்ளைக் கார், அதன் தலையில் எல் போர்டு, பக்கத்து இருக்கையில் அத்தான், அவர் காலடியில் அவருக்கென்றே தனியாக ஒரு பிரேக். ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அத்தானும் அந்த பிரேக்கும் மட்டும் பிரிந்ததே இல்லை.

ஊரில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். அதில் பாதிக்கு மேல் கிண்டல்தான் என்பது அவருக்குத் தெரியாது. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். டிவியில் யாராவது காரை வேகமாகத் திருப்பினால் இங்கே சோபா அதிரும். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்காருகிறவர்கள் பாதம் வீங்கித்தான் எழுந்திருப்பார்கள். விருந்தாளிகள் எல்லோரும் மேஜையின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்காருவதற்கு அதுதான் காரணம். வலது செருப்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். இடது செருப்பு அப்படியே பளபளவென்று இருக்கும். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கூடை நிறைய இடது செருப்புகள் கிடக்கின்றன. தூக்கிப் போட அக்காவுக்கு மனசு வரவில்லை.

இத்தனைக்கும் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பல் டாக்டர், தையல்காரம்மா, பள்ளித் தலைமையாசிரியை, ஜென்மப் பகை மாதிரி அக்காவோடு சண்டை போடுகிற எதிர்வீட்டுக்காரி, எல்லோரும் ஓட்டுகிறார்கள். அக்கா மட்டும்தான் ஓட்டுவதில்லை. எதிர்வீட்டுக்காரி வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவர் கற்றுக்கொடுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அக்காவை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். சாவியைத் திருப்பினாள், பிரேக் போட்டார். கியரைத் தொட்டாள், பிரேக் போட்டார். தும்மினாள், அதற்கும் போட்டார். வண்டி வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் அக்கா நெற்றியில் புடைப்போடு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் கோடையில் வெள்ளைக் கார் பட்டறையில் போய்ப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு என் நகரத்துக்கு வந்தார். நான் ஏசி மெக்கானிக். கோடையில் ஏசி மெக்கானிக் லீவு கேட்டால் முதலாளி எப்படிப் பார்ப்பார் என்பதை நான் விளக்க விரும்பவில்லை. அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டுதான் இவர்களுக்காகக் காத்திருந்தேன்.

நான் இருப்பது நாலாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. அந்த பால்கனியில் இரண்டு பேர் நிற்கலாம், சண்டை போட்டிருக்கக் கூடாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் நகரத்தின் பெரிய பூங்கா முழுசாகத் தெரியும். வெயில் காலத்தில் மொத்த ஜனமும் அங்கேதான் கிடக்கும். ஏரியில் படகு, மரத்தடியில் வாடகை சைக்கிள், அந்தப் பக்கம் மோதும் கார், புல்தரையெல்லாம் ஐஸ்கிரீமும் குழந்தைகளும்.

வந்த மறுநாள் காலையில் அக்கா டீயோடு பால்கனியில் நின்று அதையெல்லாம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டேய், அங்க ஓட்டுற மாதிரி என்னென்னடா இருக்கு?"

நான் சொன்னேன். அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"ஏங்க, நல்லா கேட்டுக்கங்க. ஊருக்குக் கெளம்புறதுக்குள்ள இங்க ஏதாவது ஒண்ண நான் ஓட்டணும். நீங்க பக்கத்துல உக்காரணும். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உங்க காலு சும்மா இருக்கணும். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"ஊருக்குப் போனதும் நேரா எதிர்ப் பள்ளியில போய்ச் சேந்துடுவேன்."

அத்தான் டீயைக் கீழே வைத்துவிட்டார். எதிர்ப் பள்ளி என்பது அவர் பள்ளிக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம் இருக்கிறது. நடத்துகிறவன் அவருடைய பழைய மாணவன். படிக்கிற காலத்தில் கிளட்ச்சை ஒருநாளும் முழுசாக விட்டதில்லை என்பதால் அத்தான் அவனை 'அரை கிளட்ச்' என்றுதான் சொல்வார். அந்த அரை கிளட்ச்சின் எல் போர்டுக்குக் கீழே பிரேக் மாஸ்டரின் பெண்டாட்டி உட்கார்ந்து, பிரேக் மாஸ்டரின் பள்ளி வாசல் வழியாகவே போனால் என்ன ஆகும்? மனுஷனின் மானம் கப்பலேறிவிடும். அதற்குப் பிறகு அவரிடம் யார் வந்து கற்றுக்கொள்வார்கள்?

"இவ்ளோதானா? சும்மா உக்கார்றதுக்கு ஒரு பந்தயமா?" என்று அத்தான் சிரித்தார். அந்த நேரம் பார்த்து பால்கனிக் கம்பியில் ஒரு புறா வந்து இறங்கியது. கால் மிதித்துவிட்டது.

"இது கணக்குல இல்ல" என்றார் அவசரமாக.

முதலில் சைக்கிள். முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரும் மிதிக்கிற நீளச் சைக்கிள். பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போய் வந்தவள் அக்கா, அதனால் துள்ளி ஏறி முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் அத்தான். பின் இருக்கையில் பிரேக்கே கிடையாது என்று கடைக்காரர் சொன்னதும் எனக்கு நிம்மதியாகப் போயிற்று. நான் தனியாக ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

நிழல் விழுந்த பாதை, நல்ல காற்று, அக்கா ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போது எங்கோ தூரத்தில், பாதையின் மறுகோடியில், ஒரு பந்து உருண்டது. அத்தான் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிவிட்டார். அக்காவுக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள், செருப்பு இரண்டும் தரையில் தேய்ந்து புழுதி கிளம்புகிறது, சைக்கிள் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கைத்தடி ஊன்றி நடந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது திரும்பி, "மெதுவாவே வாங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா இறங்கிப் பின்னால் பார்த்தாள்.

"அது பிரேக் இல்ல" என்றார் அத்தான். "தரை. தரைய மிதிக்கக் கூடாதுன்னு நீ சொல்லல."

என்ன வாய் பாருங்கள். அக்காவும் ஏதோ போனால் போகிறதென்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மோதும் கார். இதில் பிரேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோதுவதற்காகவே செய்த வண்டி, சுற்றிலும் தடிமனான ரப்பர், பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறி உட்கார்ந்து ஒருவரையொருவர் முட்டித் தள்ளிச் சிரிக்கிற ஆட்டம். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேலிக்கு வெளியே நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். யாராவது ஒருத்தராவது நிம்மதியாக இருக்க வேண்டாமா?

மணி அடித்ததும் ஒரு சின்னப் பெண் நேராக இவர்களை நோக்கி வந்தாள். அத்தான் எழுந்து நின்று கையை நீட்டி, "நிறுத்து! வலது பக்கம் வர்ற வண்டிக்கு வழி விடணும், தெரியாது?" என்று ஒரு அதட்டு அதட்டினார். அந்தப் பிள்ளை பயந்துபோய் வழி விட்டாள். அடுத்து வந்த இளைஞனிடம், "தம்பி, திரும்பறதுக்கு முன்னாடி கை காட்ட மாட்டியா?" என்றார். அவன் கை காட்டினான். பத்தே நொடியில் அந்த மேடையில் இருந்த எல்லா வண்டிகளும் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் சரியான இடைவெளி விட்டுச் சுற்ற ஆரம்பித்தன. யாரும் யாரையும் முட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஒரு அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற முகத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

ஆட்டம் நடத்துகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "சார், சார்! இவங்க எல்லாம் மோதுறதுக்குத்தான் சார் வந்திருக்காங்க!"

"மோதுனா அடி படும்" என்றார் அத்தான்.

அக்கா இறங்கி வந்துவிட்டாள். வண்டிக்குள் அத்தானின் கால் இருந்த இடத்தில் தகரம் குழிந்து கிடந்தது. ஆட்டம் நடத்துகிறவர் அதைத் தடவிப் பார்த்து மலைத்துப் போய் நின்றார்.

"நாளைக்கு ஒருநாள் இருக்கு" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அமைதியாகச் சொன்னதை மாற்றவே முடியாது.

சாயங்காலம் அத்தான் பால்கனியில் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் கிண்டலுக்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"மாப்ள, அந்தப் பல் டாக்டர் ஓட்டும்போது நான் எவ்ளோ ஜாலியா உக்காந்திருப்பேன் தெரியுமா? தேவைப்பட்டா மட்டும்தான் போடுவேன். அவர் எங்கயாவது இடிச்சாலும் வண்டி நசுங்கும், சரி பண்ணிக்கலாம். ஆனா இவ ஸ்டியரிங்க தொட்டாலே என் காலு தானா பிரேக்குக்குப் போயிடுது. இவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன மாப்ள பண்ணுவேன்?"

 இத்தனை வருஷமாக இந்த மனுஷன் அக்காவைப் பெரிதாக மதிக்கவில்லை என்று உள்ளூர ஒரு கோபம் வைத்திருந்தேன். அது அப்படியே பொசுக்கென்று போய்விட்டது.

"இத அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா சிரிப்பா."

உண்மைதான், சிரிப்பாள். அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். "அத்தான், நாளைக்குச் சம்மணம் போட்டு உக்காருங்க. வலது கால அடியில வச்சு அது மேலயே உக்காந்துடுங்க. அப்புறம் அது எப்படி மிதிக்கும்?"

அத்தான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பால்கனி ஆடியது.

கடைசி நாள் படகு. வாத்து வடிவத்தில், காலால் மிதித்து ஓட்டுகிற படகு. முன்னால் இரண்டு பேருக்கும் மிதிகள், நடுவில் திருப்புகிற கைப்பிடி, பின்னால் சும்மா உட்கார ஒரு பலகை. அது எனக்கு. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை அத்தான் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகுக்காரரைச் சோதிக்க ஆரம்பித்தார்.

"ஹாரன் எங்க?"

"ஹாரன் இல்ல சார்."

"பின்னாடி பாக்கற கண்ணாடி?"

"வாத்துக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்றார் படகுக்காரர். "முன்னால மிதிச்சா போகும். பின்பக்கமா மிதிச்சா நிக்கும். ரெண்டு பேர்ல யார் மிதிச்சாலும் நிக்கும்."

"ரெண்டு பக்கமும் பிரேக்!" அத்தான் முகம் மலர்ந்தது.  அவர் கண்ணாடி வைக்க இடம் தேடி வாத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், படகுக்காரர் அக்காவிடம் ஏரி நடுவைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டிச் சிரித்தாள். அத்தான் அதைக் கவனிக்கவில்லை.

கிளம்பினோம். அத்தான் சம்மணம் போட்டு, வலது காலைத் தொடைக்கு அடியில் சொருகி, முழு உடம்பையும் அதன்மேல் இறக்கி உட்கார்ந்தார். இடது காலைப் பற்றிக் கவலையில்லை, அதற்கு பிரேக் போட்டுப் பழக்கமே கிடையாது. அக்கா மிதிக்க மிதிக்க, அவர் பக்கத்து மிதிகள் ஆளில்லாமல் தாமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் அவற்றையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நன்றாக ஓட்டினாள். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக ஓட்டினாள். எதிரே வந்த படகுக்கு அழகாக ஒதுங்கினாள். நிஜ வாத்துகள் கூட்டமாக வந்தபோது நிறுத்தி வழி விட்டாள். கரையோரமாக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. வெயிலால் மட்டும் இல்லை. ஆனால் கால் அசையவில்லை. நான் பின்னாலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை.

பிறகு அக்கா கைப்பிடியை ஏரி நடுப்பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு பெரிய நீரூற்று. ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி, குடை மாதிரி விரிந்து விழுந்துகொண்டிருந்தது. அக்கா நேராக அதை நோக்கிப் போனாள். திருப்பவில்லை. வேகத்தையும் கூட்டினாள்.

"அக்கா! அக்கா! திருப்புக்கா!" கத்தியது நான்தான். பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். அத்தான் வாயே திறக்கவில்லை. கண்ணை அகல விரித்து அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் வாத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

தடதடவென்று தலையில் கொட்டியது. மூச்சு முட்டியது. படகு அந்தப் பக்கம் வெளியே வந்தபோது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மிதிப்பதை விட்டுவிட்டு, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகச் சிரித்தாள்.

"வெயிலுக்கு எல்லாரும் அதுக்குள்ள போய்ட்டுத்தான் வருவாங்களாம்! படகுக்காரர் சொன்னாரு!"

படகை அவளே திருப்பி, அவளே கரைக்குக் கொண்டுவந்து, படகுத்துறை மேடையில் ஒரு சத்தம் கூட இல்லாமல் ஒட்டி நிறுத்தினாள். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நம்பி அசையாம உக்காந்தீங்களே! எனக்கு அது போதுங்க. நான் எங்கயும் போய்ச் சேரல. நீங்க கத்துக்குடுக்கலன்னாலும் பரவால்ல." 

எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. மானம் தப்பியது, பள்ளி தப்பியது, யோசனை சொன்ன எனக்கு எப்படியும் ஒரு சட்டையாவது எடுத்துத் தருவார். அத்தான் படகிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் மரம் சாய்கிற மாதிரி மேடைமேல் சாய்ந்தார். படகுக்காரரும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடி பெஞ்சில் போட்டோம். வலது கால் கட்டை மாதிரி தொங்கியது.

"மரத்துப்போச்சு" என்றேன். "இத்தன நேரம் அது மேலயே உக்காந்தா பின்ன?"

அக்கா அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை.

"நான் போட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"பிரேக்க. அந்தத் தண்ணிகிட்ட போனப்ப. ஒடம்புல இருக்கற மொத்த பலத்தையும் சேத்து மிதிச்சேன். காலு வரல. இருக்கான்னே தெரியல. வந்திருந்தா கண்டிப்பா போட்டிருப்பேன்."

நான் அக்காவுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், வாயைப் பொத்திக் காட்டினேன். மனுஷன் என் பக்கம் திரும்பினால்தானே? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஜெயித்த ஆட்டத்தைத் தானே கொண்டுபோய்க் கொட்டிக் கவிழ்க்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அப்படியே ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். 

"மாப்ள, போனக் குடு."

அவருடைய போன் சட்டைப் பைக்குள் ஏரித் தண்ணீரைக் குடித்துச் செத்திருந்தது. நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த என் போனைக் கொடுத்தேன். மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்தினார். பகைவன் எண் எப்படி மனப்பாடம் என்று எனக்கு ஆச்சரியம். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டது.

"நான்தான் பேசுறேன். மாஸ்டர்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. "சார்! சொல்லுங்க சார்!" என்றான் அரை கிளட்ச். எழுந்து நின்றுதான் பேசினான் என்று குரலிலேயே தெரிந்தது.

"என் வீட்டுக்காரி உங்கிட்ட வருவா. சேத்துக்க."

"சார், யாரு, மேடமா? எங்கிட்டயா? சார், நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்க. அவ ஓட்டும்போது உன் பக்கத்து பிரேக்குல நீ கால வைக்கக் கூடாது."

"நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க? எந்நேரமும் கால் பிரேக்கு மேலயே இருக்கணும்னு?"

"சொன்னேன். இவளுக்கு வேணாம். இவ நல்லா ஓட்டுறா, நான் பாத்தேன். எங்கிட்ட இருந்தா கேட்ட தாண்ட மாட்டா." அத்தான் ஒரு முறை கனைத்துக்கொண்டார். "நம்ம பள்ளி வழியாவே கூட்டிட்டுப் போ. நான் வாசல்ல நிக்க மாட்டேன். உள்ள போய் உக்காந்துக்கறேன்."

 படகுக்காரர் கூட ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில் அக்கா போனைப் பிடுங்கி, 'வேணாங்க, எனக்கு நீங்களே போதும்' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அழுதும் இருப்பேன்.

அக்கா அவர் காலை மறுபடி மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டாள். பாதத்திலிருந்து மேலே சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். கால் உயிர் வந்து துள்ளியது. அவள் அதை விடவில்லை.

"கிளாஸ் காலையிலயா சாயங்காலமான்னு கேளுங்க" என்றாள்.

அத்தான் கேட்டார். "காலையிலயாம்" என்றார்.

"சரி, வரேன்னு சொல்லுங்க."